கடைசி பெஞ்சுக்கு வந்த கிராக்கி

என் அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் வலது முழங்காலைத் தவிர. அந்த முழங்காலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பயப்படாமல் படி, நல்ல செய்திதான். அங்கே குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதையும் பதிலில் எழுது. உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அறைத்தோழியோடு ஆரம்பித்த தகராறு இப்போது முகம் பார்த்துப் பேசாத அளவுக்கு வந்துவிட்டது என்றும், தப்பு அவள் பேரில் என்பதால் அவள்தான் முதலில் வந்து பேசவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நியாயமாத்தானே எழுதியிருக்கா என்றார். நீ யாருடைய மகள் என்று யாரும் கேட்கவேண்டிய அவசியம் இல்லை.

அந்த நியாயத்தின் பேரில்தான் அவரும் உன் பெரியப்பாவும் இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் எதனால் என்று நீ கேட்டபோதெல்லாம் அது பெரிய விஷயம் என்று சொல்லி மழுப்பிவிட்டோம். இப்போது சொல்கிறேன். ஆலயத்தின் ஆண்டுவிழாவில் எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்தார்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலி உன் அப்பாவுக்கு என்று உன் அப்பா நினைத்திருந்தார். அதில் உன் பெரியப்பா போய் உட்கார்ந்துவிட்டார். தையற்கடையில் நாள் முழுக்க நின்றவர், நாற்காலியைக் கண்டால் உட்காரத்தான் செய்வார். உன் அப்பா பின்னால் நிற்கவேண்டியதாயிற்று. படம் வந்தபோது அதில் அவருடைய நெற்றி மட்டும்தான் இருந்தது. தான் கொடி அசைத்தால் ஒழிய ரயில் நகராது என்று வாழ்ந்த ஸ்டேஷன் மாஸ்டர், ஆலய வரலாற்றில் ஒரு நெற்றியாக நின்றுபோனார். வேணும்னே மறைச்சிட்டார் என்று இவர் சொன்னார். அவன் குள்ளமா இருக்கிறதுக்கு நான் என்ன பண்றது, துணி பத்தலைன்னா சொல்லு, ஒட்டுப் போட்டுத் தரேன், உயரத்துக்கு எங்கிட்ட நூல் இல்லை என்று அவர் சொன்னார். அவ்வளவுதான். அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் கர்த்தர்தான் தபால்காரர். இவர் தினமும் அண்ணனுடைய மனம் திருந்த ஜெபிப்பார், அவர் தினமும் தம்பியுடைய மனம் திருந்த ஜெபிப்பார். இரண்டு ஜெபமும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். கர்த்தர் பாடு எப்படியோ.

இந்த நிலையில் உன் பெரியம்மா போன் செய்தாள். பெரியப்பாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு மோசமாகிவிட்டது, அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள், வயசைப் பார்த்து டாக்டர் உறுதியாக எதுவும் சொல்ல மறுக்கிறார் என்று அழுதாள். அவன்கிட்ட மூச்சு விடாதே, பரிதாபப்பட்டு வந்து ஒட்டிக்கிட்டான்னா எனக்கு வேண்டாம் என்று பெரியப்பா சொல்லியிருந்தாராம். நான் அடுத்த நிமிஷமே உன் அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே முகம் தெரிகிற ஷூ அது. கடைசியில், நான் தயாராத்தான் இருக்கேன், தாழ்மையோட காத்துக்கிட்டிருக்கேன், அவர் ஒரு அடி எடுத்து வைக்கட்டும் என்றார். ஏங்க, அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் வராமலே போயிட்டா அந்த ஒரு அடியை யார்கிட்ட வாங்குவீங்க என்று கேட்டேன். அவர் மற்ற ஷூவை எடுத்தார்.

இதற்கு நடுவில் ஆலயத்தில் ஒரு விபரீதம். நம்முடைய புதுப் போதகர் சிறுவயது, சத்தம் போடத் தெரியாதவர். அவர், விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் போய் உட்காருங்கள் என்று ஆண்டவர் சொன்னதை வைத்து ஒரு பிரசங்கம் செய்தார். தாழ்மையாக இருக்கிறவனிடம் தேவன் நெருங்கி வருகிறார், உயரத்தில் நிற்கிறவன் அவரை எட்டிப் பார்க்கத்தான் முடியும் என்றார். நல்ல பிரசங்கம். நம் சபையார் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் கஷ்டம். அடுத்த ஞாயிறு மணி அடிப்பதற்கு முன்பே கடைசி பெஞ்சு நிரம்பிவிட்டது. முன்பெஞ்சுகள் பல் டாக்டர் வீட்டு வராந்தா மாதிரி வெறிச்சென்று கிடந்தன. அந்தக் கடைசி பெஞ்சு எப்படிப்பட்டது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கால் குட்டை, மின்விசிறிக் காற்று வராது, கைக்குழந்தைக்காரிகளும் தாமதமாக வருகிறவர்களும்தான் உட்காருவார்கள். இப்போது பெரியவர்கள் தாழ்மையோடு அதைப் பிடித்துக்கொண்டதால் பிள்ளைக்காரிகள் முன்பெஞ்சுக்குத் தள்ளப்பட்டார்கள். போதகரின் மூக்குக்குக் கீழே குழந்தைகள் கதறின. பின்னால் எல்லோரும் தாழ்மையாக உட்கார்ந்து அதைச் சகித்துக்கொண்டார்கள்.

உன் அப்பா விடுவாரா. பிளாட்பாரத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களை விரட்டியே உத்தியோகத்தைக் கழித்தவர், சனிக்கிழமை சாயங்காலம் ஆலயம் கூட்டுகிறவரிடம் தன் கைக்குட்டையைக் கொடுத்துக் கடைசி பெஞ்சின் ஓரத்தில் போட்டு வைக்கச் சொன்னார். மறுநாள் போய்ப் பார்த்தால் அதே பெஞ்சின் மறு ஓரத்தில் ஒரு அளவுநாடா சுருட்டி வைத்திருந்தது. உன் பெரியப்பா. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சின் இரண்டு நுனியில் உட்கார்ந்து, நேர் எதிரே பார்த்து, தாழ்மையில் போட்டி போட்டார்கள். நுனியிலிருந்து ஒருவர் எழுந்தால் மற்றவருடைய பக்கம் டொக்கென்று இறங்கும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு அந்தப் பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து மடக்கு ஸ்டூல் கொண்டுவந்து கடைசி பெஞ்சுக்கும் பின்னால் போட்டு உட்கார்ந்தார். எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். அதற்கடுத்த வாரம் இன்னொருவர் செருப்பு விடும் இடத்திலேயே நின்று ஆராதித்தார். அவரை மிஞ்சவேண்டுமானால் இனி தெருவுக்குத்தான் போகவேண்டும். நான் மட்டும் வழக்கம்போல நடுபெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சபையில் உண்மையான தாழ்மை என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அறுவைசிகிச்சைக்கு முந்தின ஞாயிறு வந்தது. அன்றைக்குத் திருவிருந்து. இனி ஒரு ஞாயிறு பெரியப்பாவுக்கு உண்டோ இல்லையோ என்று பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். போதகர் அப்பத்தை ஆசீர்வதித்துவிட்டு, எப்போதும் போலச் சத்தமில்லாமல், இன்னைக்குக் கடைசி பெஞ்சிலிருந்து முதல்ல வாங்க என்றார். பிந்தினோர் முந்தினோர் ஆகிவிட்டார்கள். தாழ்மைக்காக உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆலயத்தின் முழு நீளத்தையும் எல்லோரும் பார்க்க நடந்து வரவேண்டியதாயிற்று. அந்தப் பெஞ்சார் நடந்த அழகைப் பார்த்திருக்கவேண்டும். பரிசு வாங்கப் போகிறவர்களும் வாத்தியாரிடம் அடி வாங்கப் போகிறவர்களும் கலந்த நடை.

பெரியப்பா பலிபீடக் கம்பியருகே முழங்காலிடக் கூடாது, நின்றுகொண்டே வாங்கிக்கொள்ளலாம் என்று பெரியம்மா போதகரிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தாள். ஆனால் தம்பி முழங்காலிடும்போது அண்ணன் நிற்பாரா. அவரும் மண்டியிட்டார். அப்பமும் திராட்சரசமும் வாங்கினார்கள். மற்றவர்கள் எழுந்து போனார்கள், உன் அப்பாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் இடத்துக்குப் போனார். பெரியப்பா எழவில்லை. அடுத்த வரிசை வந்து அவருக்கு இரண்டு பக்கமும் முழங்காலிட்டுப் போயிற்று. அதற்கடுத்த வரிசையும் போயிற்று. அவர் தலையைக் குனிந்தபடி அப்படியே இருந்தார். என்ன பக்தி, என்ன பக்தி, பார்க்கவே கண்ணு கலங்குது என்று பேராசிரியர் ஸ்டூலிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியம்மாகூட ஜெபிக்கிறார் என்றுதான் நினைத்தாள். சபை முழுக்க ஒருவருக்குத்தான் விஷயம் தெரிந்தது. அண்ணனுடைய காதுகள் சிவந்திருப்பதை உன் அப்பா பார்த்துவிட்டார். சின்ன வயசில் மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட அன்றைக்கும் அண்ணன் வாயைத் திறக்காமல், காது மட்டும் இப்படித்தான் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாராம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். சதையோடு சேர்ந்து இவரும் எழுந்தார். மறு நுனியில் ஆள் இல்லாத பெஞ்சு டொக்கென்றது.

கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு நடுவழியில் இவர் மறுபடியும் வருவதைப் பார்த்து, அப்பம் இரண்டாம் தடவை கேட்கிறாரோ என்று போதகர் திகைத்தார். இவர் போய் அண்ணனைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அவருடைய மானம் போயிருக்கும். பக்கத்தில் முழங்காலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது அண்ணனிடம் சொன்னதை அப்புறம் என்னிடம் சொன்னார். அண்ணே, ஜெபம் பண்ற மாதிரியே இருங்க, என் தோளைப் பிடிச்சுக்குங்க, மூணு சொன்னதும் ரெண்டு பேரும் சேர்ந்து எழுந்திரிச்சிடலாம், யாருக்கும் தெரியாது என்றாராம். அண்ணன் கண்ணைத் திறக்காமலே, இதைச் சொல்ல உனக்கு ரெண்டு வருஷமாடா ஆச்சு என்றாராம். எண்ணினார்கள். எழுந்தார்கள். பாதியில் உன் அப்பாவின் வலது முழங்கால் பழைய கதவு மாதிரி ஒரு சத்தம் போட்டது. இரண்டு பேரும் எழுந்த வழியே மறுபடி முழங்காலுக்கு இறங்கினார்கள்.

இப்போது பலிபீடத்தின் முன்னால் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிந்த சகோதரர்கள் ஒருமனப்பட்டு ஜெபிக்கிறார்கள் என்று போதகருக்கு உள்ளம் உருகிவிட்டது. பாடகர் குழுவுக்குச் சைகை காட்டினார். அவர்கள் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். உன் அப்பாவை உனக்குத் தெரியும். பீரோவைத் தனியாக மாடிக்கு ஏற்றப் போய் இடுப்புப் பிடித்துக்கொண்ட வாரம்கூட, ஒருவரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்காதவர். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி. அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததைக் கேட்டார். அவ்வளவுதான், தலையைத் திருப்பி, ரயிலையே நிறுத்தும் அந்தப் பழைய குரலில், யாராச்சும் வந்து எங்க ரெண்டு பேரையும் தூக்கி விடுங்க, எங்களால எழுந்திரிக்க முடியலை என்றார். பாட்டு பாதி வரியில் நின்றது. அந்த அமைதியில் முதலில் கேட்டது உன் பெரியப்பாவின் சிரிப்பு. தோள் குலுங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பலிபீடத்துக்கு முன்னால் அவர் சிரித்தார். இவரும் சிரித்தார். நான் ஓடினேன். முன்பெஞ்சுப் பிள்ளைக்காரி ஒருத்தி குழந்தையை வழியில் நின்ற பேராசிரியரின் கையில் திணித்துவிட்டு ஓடிவந்தாள். போதகர் கையைக் கொடுத்தார். ஒரு வழியாக இருவரையும் நிமிர்த்தினோம். நிமிர்ந்த பிறகும் ஒருவர் தோளை ஒருவர் விடவில்லை. பெரியம்மா அழுத அழுகையில் பாடகர் குழுவே அழுதது. சபை எழுந்து நின்றது. யார் முன், யார் பின் என்று அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை. நடுபெஞ்சில் உட்கார்ந்து தாழ்மையை மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்த எனக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் அத்தனை சந்தோஷத்தில் அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்போது பெரியப்பா இவர் கையைப் பிடித்து, திரும்பி வந்ததும் அந்தப் போட்டோவை மறுபடியும் எடுக்கச் சொல்லுவோம்டா, நான் பின்னால நிக்கிறேன் என்றார். வேண்டாம்ணே, நெத்தி நல்லாத்தான் வந்திருக்கு என்று இவர் சொன்னார். கதவு மூடியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஜெபிக்கலையா என்று இவரிடம் கேட்டேன். இத்தனை வருஷம் ஜெபம்ங்கிற பேர்ல ஆண்டவருக்கு அறிக்கை அனுப்பிக்கிட்டிருந்தேன், அன்னைக்கு ஒருநாள்தான் தூக்கி விடுங்கன்னு கேட்டேன், அதை சபையைப் பார்த்துக் கேட்டேனா அவரைப் பார்த்துக் கேட்டேனான்னு எனக்கே தெரியலை, ஆனா இவ்வளவு பக்கத்துல அவர் இருந்தது தெரியாமப் போச்சே என்றார். நான் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டேன். அதில் இவ்வளவு நல்ல வரி இல்லை.

சிகிச்சை நல்லபடி முடிந்தது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் உன் பெரியப்பா நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி, என் தம்பி எழுந்திரிச்சிட்டானா என்பது. தம்பிக்கும் ஆபரேஷன் போலிருக்கிறது என்று அந்தப் பெண் பக்கத்துக் கட்டிலைத் தேடியிருக்கிறாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், சத்தமாகக் குறை சொல்கிறார், அதனால் பூரண சுகம் என்று தெரிகிறது. போன ஞாயிறு இருவரும் மூன்றாவது பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஏன் அங்கே என்று கேட்டால், அங்கேதான் காத்து வருது என்கிறார்கள். கடைசி பெஞ்சு பிள்ளைக்காரிகளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பேராசிரியர் மட்டும் இன்னும் ஸ்டூலை விடவில்லை, அவருக்காக ஜெபித்துக்கொள்.

உனக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. புத்தி சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்கு ஞாயிறு மாலை போன் செய், வேலையாக இருக்கிறேன் என்பார், நம்பாதே. கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதே. தேவன் உன்னைக் கண்ணின் மணிபோலக் காப்பாராக, உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. அப்பாவும் அன்பைச் சொல்லச் சொன்னார். உன் கடிதத்தை இன்னொரு தடவை வாங்கிப் படித்துவிட்டு, அந்தப் பொண்ணு ஜன்னலைத் திறந்துக்கட்டும்னு எழுது என்றார். நான் ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். உன் முழங்கால் இரண்டும் இன்னும் நன்றாக இருக்கின்றன, அவை நன்றாக இருக்கும்போதே மடக்கிப் பழகிக்கொள்.

என்றும் உன் நினைவாக, இப்போதைக்கு மூன்றாவது பெஞ்சில் இருக்கும்
உன் அம்மா