கலங்கலில் என் பிள்ளை பேர்

12-7-72
சுண்டைக்காய் காயப் போட்டேன். பேத்தி பெரியநாயகி இந்த டைரியைக் கொண்டுவந்து, "சும்மா கெடக்குது ஆயா. அப்பாவைப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கியே, இதுல எழுதேன்" என்றாள். ஆபீசில் என் பிள்ளை குமாரவேலுக்குக் கொடுத்தது. தை மாசம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். ஒரு பக்கம்கூட எழுதவில்லை. நான் மூணாங்கிளாஸ். தப்பு இருந்தால் இருக்கட்டும்.

15-7-72
என் பெரிய பிள்ளை இன்ஜினியர். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி. அவன் ஒருத்தன்தான் ஏரி பார்க்கிற வேலைக்குப் போனான். சர்க்கார் வீடு கொடுத்தார்கள், போகவில்லை. "எம்மா இங்க இருக்குது, நான் அங்க போய் என்ன பண்றது" என்றுவிட்டான்.

மருமகள் கமலவேணிக்குத் தோள்பட்டை வலி. கிணற்று உருளையைக் கழற்றி, பழைய லாரி பேரிங் ஒன்றை மாட்டினான். விரலால் இழுத்தால் குடம் வரும். அப்படியும் ஏரிக்குக் கிளம்புமுன் தொட்டியை அவன்தான் நிரப்புவான். பெரியநாயகிக்குத் தலை வாரும்போது வகிடு நேராக வர ஸ்கேல் வைத்துப் பார்ப்பான். என் சின்னவன் வேலாயுதம் தறியில் உட்கார்ந்தபடியே, "அண்ணி, அண்ணனை ஆபீசுக்கு அனுப்புவியா, துணி தோய்க்க வெச்சுக்கப் போறியா?" என்பான்.

"தோய்க்கறதும் தண்ணி வேலைதாண்டா." சிரித்துக்கொண்டே போவான்.

2-8-72
என் பிள்ளை பார்த்த ஏரி ஆலந்தாங்கலில். அந்த ஊர்க் கோதண்டபாணி வந்தான். ஏரிக்கரையில் என் பிள்ளை பேர் போட்டுக் கல் நடப்போகிறார்களாம். "ஊர்ல பேசி முடிச்சுட்டோம் பெரியம்மா. நீங்க சம்மதம் சொல்லணும்."

"எந்த வாயால கேக்கற?" என்றேன். போய்விட்டான்.

3-8-72
எனக்கு எதுவும் மறக்காது. அறுபத்தாறு, ஐப்பசி மாசம்.

ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்துபோக ஒரு கட்டு உண்டு, அதற்குக் கலங்கல் என்று பேர். ஊர்க்காரர்கள் அதன் மேல் பலகை வைத்து மண்ணும் புல்லும் அடைப்பார்கள். ஒரு முழம் தண்ணீர் கூட நிற்கும், இன்னொரு போகம் விளையும். எல்லா ஊரிலும் செய்கிறதுதான். அந்த வருஷம் ரேடியோவில் புயல் என்றார்கள். கரை பழசு, கரைக்குக் கீழேயே குடிசைகள். குமாரவேல் ஆள் கூட்டிப்போய்ப் பலகையைப் பிடுங்கிவிட்டான். தண்ணீர் ஓடிப்போனது. புயலோ வேறு பக்கம் போய்விட்டது. அப்புறம் ஒரு தூறல் இல்லை. கதிர் விடுகிற நேரத்தில் பயிர் காய்ந்தது.

கோதண்டபாணி ஆள் சேர்த்துக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்தான். "மழை வந்தா பாவு நனையும்னு சுருட்டிக்கினு ஓடற வூட்டுல பொறந்தவன்யா இவன். மேகத்தைப் பாத்தாலே பயம். இவனை யார் ஏரிக்கு அனுப்புனது?" தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அதோடு விட்டானா? மனு போட்டான். என் பிள்ளையை ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடித்தார்கள்.

"அவசரப்பட்டுட்டியாடா?" என்று கேட்டேன்.

"பெய்யலைன்னா நல்லதுதானே எம்மா. பெஞ்சிருந்தா அந்தக் குடிசைங்களை எங்க போய்த் தேடறது?"

அவ்வளவுதான் சொன்னான். ஒருத்தரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு நான் இருக்கிறேனே. அங்கே கிடந்த காலமெல்லாம் மாசம் ஒருதரம் ரயிலில் நின்றுகொண்டே வருவான். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான்.

இப்ப வந்து கல்லு நடறானாம்.

4-8-72
கமலவேணி என்னோடு பேசவில்லை.

6-8-72
பேசிவிட்டாள். "அத்தை, எழுபதுல வெள்ளம் வந்தப்போ அவரு கரையிலயே நின்னாரே, பக்கத்துல மண்வெட்டி புடிச்சுக்கினு நின்னது யாரு? இந்தக் கோதண்டபாணிதான். உங்க பிள்ளையே வந்து உங்ககிட்ட சொன்னாரா இல்லையா?"

சொன்னான். அந்த வருஷம் குமாரவேல் இங்கே திரும்பி வந்திருந்தான். அவன் சொன்னதும் ஊரே சேர்ந்து பலகையை எடுத்தது. எங்கெங்கேயோ ஏரி உடைந்தது, ஆலந்தாங்கல் கரை நின்றது. அது வேற. தெருவில் நின்று கத்தினது வேற.

"உங்க கோவத்துக்காக அவரு பேரு இல்லாம போவணுமா? பசங்க போய்ப் பாக்க வேணாமா?"

இந்த வீட்டுக்கு வந்த நாளாய் அவள் குரல் உயர்ந்ததில்லை. கோபம் என்னுடையது. பேர் அவனுடையது. என் கோபத்துக்கு அவன் பேரை அடகு வைக்கிறேனா?

20-8-72
வேலாயுதத்தோடு பஸ்ஸில் ஆலந்தாங்கல் போனேன். என் பிள்ளை பார்த்த ஏரியை நான் பார்த்ததே இல்லை. வறண்டு மாடு மேய்கிறது. கோதண்டபாணி ரோட்டோர மரத்தடியைக் காட்டினான். பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியுமாம், மாலை போட வசதியாம்.

கலங்கலைக் காட்டு என்றேன். நடந்தோம். அங்கே புதுப் பலகைகள் அடுக்கியிருக்கிறது.

"இது எதுக்கு?"

"வழக்கம்தானே பெரியம்மா. மழை பெரிசா வந்தா எடுத்துடுவோம்."

"எப்ப பெரிசுன்னு யாருப்பா சொல்றது?"

சொல்லிக்கொண்டிருந்தவன் போய்விட்டானே. பக்கச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு, அவன் அடித்தது. தண்ணீர் அதற்கு மேல் ஏறினால் கரைக்கு ஆபத்து. பாதி அழிந்து கிடந்தது.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. "கல்லை இங்க நடு. ஏரிக்குள்ள. அவன் பேரு இந்தக் கோட்டு உயரத்துல இருக்கணும். தண்ணி பேரைத் தொடறதுக்கு முன்ன பலகை வெளிய வரணும். இதுக்கு ஒத்துக்கினா சம்மதம்."

"பேரு வெட்டின கல்லைத் தண்ணியிலயா வெப்பாங்க?"

"அவன் மரத்தடியிலயா நின்னான்?"

கோதண்டபாணி தலையைச் சொறிந்தான். "கீழ உபயம்னு என் பேரும் போடறதா இருந்துச்சு…"

"போட்டுக்க. அவன் பேருக்கு ஒரு முழம் கீழ. மொதல்ல நீ முழுகு."

வேலாயுதம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். கோதண்டபாணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உங்க மவன் இவ்வளவு பேச மாட்டாரு பெரியம்மா" என்றான். நான் சிரிக்கவில்லை.

17-9-72
கல் நட்டாயிற்று. கமலவேணி பிள்ளைகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முதல் எழுத்து கொஞ்சம் கோணலாம். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள்.

8-11-72
மழை. தெருவில் யாரும் பாவு போடவில்லை.

5-12-72
விடாமல் கொட்டுகிறது. காற்று வேறு. ரேடியோவில் புயல் புயல் என்கிறார்கள். கமலவேணி ஜன்னலை விட்டு நகரவில்லை. பஸ் இல்லை, யாரைக் கேட்பது? பலகையை எடுத்தானுங்களா? இன்னும் கொஞ்சம் நிக்கட்டும், இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு வுட்டுட்டானுங்களா? கரை உடைஞ்சா — அவன் பேரும் சேந்து போவும். கல்லு வாய் திறந்து சொல்லுமா? நான் சொன்னது தப்போ. மரத்தடியிலேயே வெச்சிருக்கலாமோ.

7-12-72
காலையில் கோதண்டபாணி வந்தான். உடம்பெல்லாம் சேறு. நடந்தே வந்திருக்கிறான்.

"என் பேரு முழுகிடுச்சு பெரியம்மா."

கமலவேணி ஓடிவந்தாள். "அவரு பேரு?"

"நனையலைம்மா. ஊரே கல்லைப் பாத்துக்கினு நின்னுச்சு. என் பேரு மறைஞ்சப்போ இன்னும் கொஞ்சம் பாக்கலாம்னு நாலு பேர் சொன்னானுங்க. என் பேர்டா முழுகினதுன்னு நானே எறங்கிப் புடுங்கிட்டேன். கரை கல்லு மாதிரி நிக்குது. கீழ குடிசைங்கள்ல அடுப்பு எரியுது. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவனுக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுங்கியது. கமலவேணி உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. குமாரவேலுடைய வேட்டி ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். அவன் வாங்காமல் என்னைப் பார்த்தான்.

"கட்டிக்க" என்றேன். "துவைச்சுத் திருப்பிக் குடுத்துடு."