வட்டியில்லாத ஒன்றரை லட்சம்

மார்ச் 3, திங்கள்

தம்பிக்குக் கொடுத்த கடனுக்கு இன்றோடு தவணை முடிந்தது. ஒன்றரை லட்சம். ஏசி பழுது பார்க்கும் கடை வைக்க இரண்டு வருடம் முன் வாங்கினான். வட்டி கிடையாது. இஸ்லாமிய மார்க்கப்படி தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, தேதியும் போட்டிருக்கிறோம். தேதி வந்துவிட்டது. தம்பி வரவில்லை.

கார் வியாபாரி போன் செய்தார். என் டிரைவிங் ஸ்கூலுக்கு இரண்டாவது காரை இந்தப் பணத்தில்தான் வாங்குவதாக இருந்தேன். பத்து நாள் பொறுக்கச் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

தம்பி வந்தான். பணத்தோடு அல்ல, கருவிப் பையோடு. அலுவலக ஏசியைக் கழற்றிச் சுத்தம் செய்து, கேஸ் நிரப்பினான். காசு வேண்டாம் என்றான். அறை குளிர்ந்துவிட்டது. எனக்குத்தான் ஏதோ உறுத்தியது.

மார்ச் 6, வியாழன்

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் என்னிடம்தான் கார் ஓட்டக் கற்கிறார். இது பதினெட்டாவது வகுப்பு. பின் சீட்டில் அவர் மனைவி கண்ணை மூடி ஓதிக்கொண்டே வருவார். எங்கள் மூவருக்கும் அது தேவைப்படுகிறது.

ஏசி விஷயத்தைக் கேட்டேன். கடன் கொடுத்தவர் அந்தக் கடனை வைத்து ஆதாயம் அடைந்தால் அது வட்டியில் சேரும் என்றார்.

"கடன் வாங்குறதுக்கு முன்னாடியும் இப்படி வந்து செஞ்சு குடுப்பாராம்மா?"

"முன்னாடியெல்லாம் போனே எடுக்க மாட்டான், ஹஜ்ரத்."

"அப்ப கூலியைக் கடன்ல கழிச்சிடுங்க."

மார்ச் 7, வெள்ளி

இரண்டாயிரத்து ஐந்நூறு கழித்துவிட்டதாகத் தம்பிக்குப் போனில் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். "என்னைக் கூலிக்காரனாக்கிட்டியேக்கா" என்று வைத்துவிட்டான்.

மார்ச் 13, வியாழன்

கார் வேறு ஒருவருக்கு விற்றுப்போனது.

மார்ச் 19, புதன்

ஹஜ்ரத்துக்கு வகுப்பு எடுக்கும்போது கடைத்தெருவில் தம்பியைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். பார்த்ததும் சட்டென்று லேடீஸ் டெய்லர் கடைக்குள் நுழைந்தான். போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் ஹஜ்ரத் சரியாக அந்தக் கடை வாசலில் கிளட்சைத் தவறவிட்டு வண்டியை ஆஃப் ஆக்கிவிட்டார். ஏழு நிமிடம் கிளம்பவில்லை. அத்தனை நேரமும் தம்பி ரவிக்கைத் துணிகளுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

முதுகு பாதியாகியிருந்தது. சட்டை அப்படியே தொங்கியது. எப்போது இப்படி இளைத்தான்?

மார்ச் 20, வியாழன்

அவன் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஷட்டரில் 'வாடகைக்கு' என்று ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்குப் போய்த் தம்பி மனைவியைக் கேட்டேன். கடையை மூடி இரண்டு மாதம் ஆகிறதாம், இப்போது ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறானாம். "உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு மதினி" என்றாள். சொன்னதற்கு அப்புறம்தான் அவளுக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது.

இரண்டு மாதமாக மூட்டை தூக்குகிறவனிடம் ஏசிக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

வருடா வருடம் சேமிப்பில் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயப் பங்கு, அந்த ஜகாத்துக்குக் கணக்குப் பார்க்கும் நாள். ஒரு யோசனை தோன்றியது. தம்பி கடனைத் தள்ளிவிட்டு, அதையே இந்த வருட ஜகாத்தாக எழுதிக்கொண்டால்? கைக்காசு போகாது, கடமையும் முடியும். ரிவர்ஸ் எடுக்கும் பாடத்தின் நடுவே ஹஜ்ரத்திடம் சொன்னேன். வண்டியை நிறுத்திவிட்டார். அவராக நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

"ஜகாத்துன்னா ஏழையோட கைக்குப் போய்ச் சேரணும்மா. பெரும்பாலான மார்க்க ஆலிம்கள் அப்படித்தான் சொல்றாங்க. வராத கடனைத் தள்ளிட்டு ஜகாத்னு எழுதினா, உங்க காசை நீங்களே காப்பாத்திக்கிறீங்க. கடனைத் தள்ளுறது ரொம்பப் பெரிய தர்மம். ஆனா அது தனி, இது தனி."

ஆக, இரண்டு செலவு.

மார்ச் 26, புதன்

ஜகாத் பணத்தை உறையில் போட்டு, தம்பியிடம் சேர்க்கச் சொல்லி ஹஜ்ரத்திடம் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம், எந்த நிபந்தனையும் இல்லை என்றேன். உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். அதைக் கொண்டுவந்து என் கடனில் அடைப்பான் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

அடைக்கவில்லை. கடையில் வேலை பார்த்த மெக்கானிக்குக்குக் கொடுக்காமல் விட்ட மூன்று மாதச் சம்பளத்தை அதில் கொடுத்திருக்கிறான். தம்பி மனைவிதான் சொன்னாள். கைக்குக் காசு வந்துச்சே, அக்கா கடன்ல கொஞ்சம் அடைப்போம்னு தோணலையா இவனுக்கு? நான் என்ன இளிச்சவாயா?

பகல் முழுக்கக் கோபமாக இருந்தேன். கற்க வந்த இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்தே பிரேக் போட்டார்கள்.

சாயங்காலம்: அந்த மெக்கானிக்குக்கு மூன்று பிள்ளைகள். கூலிதான் முதலில். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனா? செய்திருப்பேன் என்று எழுத ஆசைதான்.

ஏப்ரல் 5, சனி

மதியம் கிடங்குக்குப் போனேன். தம்பி தலையில் துண்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, அடுத்த மாதம் எப்படியாவது என்று ஆரம்பித்தான்.

"கேக்க வரல. விட்டுட்டேன்டா."

தலைத் துண்டை அவிழ்த்தான். பிறகு, "எனக்காகவாக்கா? அல்லாஹ்வுக்காகவா?"

"உனக்காகன்னா ஒரு லட்சத்து நாப்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரொம்ப ஜாஸ்தி."

சிரித்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். "வேண்டாம்னு சொல்லணும். சொல்லத் தெம்பு இல்லக்கா" என்றான்.

சொல்ல வேண்டாம் என்றேன். ஒரே காரில் எட்டு மணி நேர வகுப்பு எடுத்துப் பழகிவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

அந்தத் தாளைக் கிழித்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தம்பியும் மனைவியும் சாப்பிட வந்தார்கள். முன்பெல்லாம் குறை சொல்லாமல் சாப்பிடாதவன், கடன் வாங்கிய நாளிலிருந்து இந்த வீட்டில் எதை வைத்தாலும் பிரமாதம் என்பான். வெந்நீரைக்கூடப் பாராட்டியிருக்கிறான்.

இன்று குழம்பை ஒரு வாய் வைத்ததும், "உப்பு அள்ளிப் போட்டிருக்கியேக்கா" என்றான்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.