அப்பா கம்பெனியும் மாமா கம்பெனியும்

கிணத்துக்கடவு,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் கொட்டகையில் இருக்கிற இரண்டு மாடும் சுகம், தென்னைக்குத்தான் வெள்ளை ஈ வந்து சுகமில்லை. அங்கே ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளை கிருபாசங்கரும் குட்டி கனிஷ்காவும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பொன்மலை வேலாயுதசாமியை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், இந்தச் சங்கதி அவர் காதில் விழவே கூடாது, அதனால்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் அப்பாவின் டிஷ் கடை, நேர் எதிரே என் அண்ணன், உன் சுப்பண்ண மாமாவின் டிஷ் கடை. இவர் ஒரு கம்பெனிக்கு டீலர், அவர் அதற்குப் போட்டிக் கம்பெனிக்கு டீலர். அதுவரைக்கும் சரி, வியாபாரம் வேறு உறவு வேறு என்றுதான் இருந்தார்கள். நாலு வருஷத்துக்கு முந்தி தீபாவளிச் சீர் கொண்டுவந்தாரே உன் மாமா, அன்றைக்குப் பிடித்தது சனி. தாம்பாளத்தில் சேலை வேட்டி, வாழைப்பழம், தேங்காய், அதற்கு நடுவில் பொட்டு வைத்து அவர் கம்பெனி செட்டாப் பாக்ஸ்! யாராவது சீரில் செட்டாப் பாக்ஸ் வைப்பார்களா? உன் அப்பா, எதிராளி பெட்டிக்கு என்ற ஊட்டுல கரண்டு குடுக்க மாட்டேன் என்று ஒரே பிடி. பிறந்த வீட்டுச் சீரை நான் திருப்பிக் கொடுக்க முடியுமா, பிரிக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூப் போட்டேன். பொங்கலுக்கு வந்த மாமா அதைப் பார்த்துவிட்டு, நான் வெச்ச சீரைப் பிரிக்காத ஊட்டுல எனக்கென்ன சோலி என்று துண்டை உதறிக்கொண்டு போனவர்தான். அப்புறம் சீரெல்லாம் ஆட்டோவில்தான் வந்தது. கூடப்பிறந்தவர் எதிரில் கடை வைத்துக்கொண்டு என் வாசப்படி மிதிக்காதது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள் கண்ணு.

போன மாசம் இரண்டு கம்பெனியும் ஒன்றாகச் சேரப் பேச்சு நடக்கிறது என்று நியூஸில் சொன்னான். அன்றைக்கே இரண்டு பேர் முகமும் தொங்கிப்போய்விட்டது. சேர்ந்துவிட்டால் இந்த ஊருக்கு ஒரு டீலர் போதுமே, யார் கடையை மூடுவது? எதிர்க் கம்பெனியில் என்ன சொல்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துகொள்ள ஆசை, வாயைத் திறக்கத்தான் மனசில்லை. மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற நான்தான் மாட்டினேன். உங்கண்ணன் கடைய எப்ப இழுத்துச் சாத்தறாருன்னு கேட்டுட்டு வா என்று அனுப்பினார். இதை அப்படியே போய்க் கேட்க நான் என்ன பைத்தியமா? ரோட்டைத் தாண்டிப் போய், உங்க கடைக்கு ஒன்னும் ஆயிரக்கூடாதுன்னு அவரு கெடந்து தவிக்கிறாருங்கண்ணா என்றேன். உன் மாமா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்புறமும் குசும்பு அடங்கவில்லை, தூறல் உளுந்தாவே மாப்பிள்ள டிஷ்ஷுல படம் நின்னுபோவுதாமே, கேளு அம்மணி என்றார். நான் இந்தப் பக்கம் வந்து, மழைல மொட்டை மாடி வழுக்குமாம், மாப்பிள்ளயப் பாத்து ஏறச் சொன்னாருங்க என்றேன். உன் அப்பா இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார். மேலே இருக்கிற சாட்டிலைட்டாவது அனுப்பினதை அனுப்பினபடி கீழே இறக்கும், நான் நன்றாகக் கழுவித் துடைத்துத்தான் இறக்கினேன்.

அப்படியே பத்து நாள் ஓட்டினேன். கடைசியில் இரண்டு பேருக்கும் மனசு தாங்கவில்லை, ஆனால் யார் ரோட்டைத் தாண்டுவது? பெண் கொடுத்த வீடு நாங்க, நாங்க எப்படி மொதல்ல போறது என்று அங்கே. மச்சாந்தான் கோவிச்சுட்டுப் போனாரு, அவரே வரட்டும் என்று இங்கே. ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பி ரோட்டு நடுவில் இருக்கிற திண்டில் ஏறி நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் ஒருத்தரும் ஓர் அடி வைக்கவில்லை. பொள்ளாச்சி பஸ் இந்தப் பக்கம், கோயமுத்தூர் பஸ் அந்தப் பக்கம், ஹாரன் காதைக் கிழிக்கிறது, இவர்கள் நல்லா இருக்கீங்களா மச்சான், இருக்கேனுங்க மாப்பிள்ள என்று குசலம் விசாரிக்கிறார்கள். டீக்கடைக்காரர் டீயை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமாவும் மயிலாத்தா அத்தையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். கம்பெனி சேர்ந்ததும் நாமளும் ஒரே கடையாப் போட்டுரலாமுங்க என்று திட்டம். போர்டில் யார் பேர் முதலில் என்று அதற்கும் ஒரு சண்டை வரப் பார்த்தது, டிஷ் மாதிரி வட்டமாகச் செய்து சுற்றி எழுதிவிடுங்கள், எங்கே ஆரம்பம் என்றே தெரியாது என்று அத்தைதான் தீர்த்துவைத்தாள். ஞாயிறு தவறாமல் இப்போது வருகிறார்கள்.

இனிமேல்தான் விஷயம். போன வெள்ளிக்கிழமை, பேச்சு முறிந்துபோய்விட்டது, கம்பெனிகள் சேரவில்லை என்று நியூஸ் வந்துவிட்டது. பழையபடி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள், ஆட்டோவில் சீர் வரும் என்று நினைத்துச் சாமி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஏம்புள்ள, உங்கண்ணங்கிட்ட மூச்சு உட்ராத, பாவம், தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சு போவாரு, ஞாயித்துக்கெழமை வராம இருந்துக்குவாரு என்கிறார். சரிங்க என்றேன். அவர் கடைக்குத் திரும்பிப் போன அரை மணி நேரத்தில் உன் மாமா போன். அம்மணி, மாப்பிள்ளைக்கு இது தெரிய வேண்டாம் கண்ணு, சின்னப் புள்ள மாதிரி ஆசையா இருக்காரு என்கிறார். சரிங்கண்ணா என்றேன். இரண்டு கடையிலும் நாள் முழுக்க டிவி ஓடுகிறது, மறுநாள் பார்த்தால் நியூஸை மாற்றிவிட்டு இரண்டிலும் பக்திச் சேனல்! ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி கோழிக்குழம்பைப் பிசைந்துகொண்டு, தைக்குள்ள சேர்ந்துருமுங்க மச்சான், சேராம எங்க போவுதுங்க மாப்பிள்ள என்று பேசிக்கொண்டார்கள். அத்தை என்னைப் பார்க்க நான் அத்தையைப் பார்க்க, இரண்டு பேரும் ரசம் எடுக்கப் போவது போல் சமையலறைக்கு ஓடிவிட்டோம்.

குளிரில் கனிஷ்காவுக்குத் தலைக்குக் குல்லா போடாமல் வெளியே கூட்டிப்போகாதே, நீயும் வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இருக்க வேண்டும் சாமி. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது மாமாவும் பக்கத்தில் இருப்பார். கம்பெனியைப் பற்றிக் கேட்பார். இங்கே ஜெர்மனி பேப்பரிலேயே போட்டிருக்கிறான், கூடிய சீக்கிரம் சேர்ந்துவிடும் என்று சொல். இரண்டு பேரும் நம்புகிற மாதிரி நடிப்பார்கள், நீ பாட்டுக்குச் சொல்.

இப்படிக்கு,
இரண்டு பக்கமும் சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டிருக்கும்
உன் அம்மா.