விளைந்த வயலில் நின்றவர்கள்

மார்ச் 3
வெள்ளைக்காரன் பட்டாளத்திலிருந்து திரும்பி, பண்ணையில் பழையபடி அறுப்புக்குச் சேர்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. அக்கா புருஷன், மாமா, பார்த்துவிட்டார்.
"என்ன மாப்ளே, தொப்பியோட சேத்து தெம்பையும் துரை வாங்கிக்கிட்டானா?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் 5
சோறு இறங்கவில்லை. உடம்பு சூடு என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

மார்ச் 8
இன்று அறுப்பவர்கள் மொத்தமாக நிமிர்ந்தார்கள் — இடுப்பு வலிக்குத்தான். நான் அரிவாளைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறிவிட்டேன்.
கப்பலேறிப் போன அந்த நாட்டிலும் இப்படித்தான் நின்றார்கள். விளைந்த வயலை விட்டுப் போகமாட்டோம் என்று. கையில் அரிவாள். அறுப்புக்காரன் கையில் வேறென்ன இருக்கும்? ஆயுதம் என்றான் துரை. வரிசையாக நின்று சுட்டோம். என் குண்டு யார்மேல் பட்டதென்று தெரியாது. தெரியாததால் விழுந்த அத்தனை பேரும் என்னிடமே வருகிறார்கள்.

மார்ச் 14
மேஸ்திரி ஒரு பெண்ணைக் கம்பால் அடித்துவிட்டான். அவனை அனுப்பாமல் அறுப்பில்லை என்று எல்லோரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். மாமாதான் முன்னால்.
முதலாளி என்னைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். அந்த வீட்டில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.
"சுட வேணாம்ப்பா. சும்மா காட்டுனா போதும்."
சும்மா காட்டத்தான் அங்கேயும் கூட்டிப்போனார்கள்.
மேசைமேல் துப்பாக்கி. எண்ணெய் வாசனை. கை அதுபாட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டது. நானா எடுத்தேன்?

மார்ச் 15
காலையில் அவர்கள் எதிரில் துப்பாக்கியோடு நின்றேன். கூட்டத்தில் அக்காவும் இருந்தாள். மாமா எழுந்து நேராக என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.
"சாப்டியாடா?" என்றார்.
அவ்வளவுதான். துப்பாக்கியைத் திறந்தேன். தோட்டாக்களை எடுத்து வாய்க்காலில் போட்டேன். துப்பாக்கியை முதலாளி வீட்டு வாசலில் சாத்திவைத்தேன். நன்றிகெட்ட நாய் என்றார். இருக்கட்டும்.

மார்ச் 19
மேஸ்திரியை அனுப்பிவிட்டார்கள். என்னையும்.

ஏப்ரல் 2
செங்கல் சூளையில் வேலை. அக்கா வீட்டிலிருந்தே போய்வருகிறேன். வயல் கண்ணில் படாத இடம்.
காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா கேட்டாள். "தூக்கத்துல போ போன்னு கத்துற. யாரைடா?"
சொன்னேன். முழுக்க. முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பார்த்தேன். சோற்றுத் தூக்கை மூடி என் கையில் கொடுத்தாள்.
"செத்த பின்னாலயும் அவங்களை விரட்டாதடா. இருந்துட்டுப் போகட்டும்."

ஏப்ரல் 11
இப்போது கத்துவதில்லையாம். அக்கா சொல்கிறாள்.
வருகிறார்கள். நகர்ந்து படுத்து இடம் விடுகிறேன்.