முடிச்சு விழுந்த ரேந்தை

தலையணை ஓரத்துக்கென்று நீ வெள்ளை நூலில் பின்னிய ரேந்தையை உன் தங்கை தன் கைவேலை என்று ஊர்ப் பெண்கள் முன்னால் சொல்லிவிட்டாள். உன் ஆண்டுத் திவசம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் மகளின் கலியாண வீட்டில், மாப்பிள்ளையின் தாய் தலையணை ஓரத்தைத் தடவி, "ஆர் பின்னின?" என்று கேட்டார். "நான்தான்" என்றாள் உன் தங்கை. உன் தகரப் பெட்டியின் கற்பூர வாசம் அந்தத் தலையணையிலிருந்து இன்னும் போகவில்லை.

நாம் இதைத் தொடங்கியபோது இருவருக்கும் முப்பது வயது கடந்திருந்தது. நாம் நண்டு கொண்டுபோய்க் கொடுக்கும் பறங்கி வீட்டில், அந்த அம்மா விறாந்தையில் இருந்து கொக்கி ஊசியால் வெள்ளை நூலைப் பின்னிக்கொண்டிருப்பார். சொல்லித் தரக் கேட்டோம். வலை கட்டும் கைக்கு இது வராது என்றார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. நீ சிரித்தாய். வாசல் படலை தாண்டியதும் சொன்னாய்: "அவ சொல்லித் தராட்டி என்னகா, கண் நம்மட்டத்தானே கிடக்கு. நீ நூலைப் பார், நான் ஊசியைப் பாக்கிறன்."

அப்படியே செய்தோம். கூடையை இறக்குவதில் வேண்டுமென்றே தாமதித்து, நூல் போகும் வழியை நானும் ஊசி திரும்பும் வழியை நீயும் மனதில் வாங்கி வந்து, தோணியில் திரும்பும்போது இரண்டையும் பொருத்திப் பார்த்தோம். உடைந்த குடைக் கம்பியின் நுனியை வளைத்துக் கல்லில் தேய்த்து, நீ ஊசி செய்தாய்.

முதலில் பின்னியது நான். ஒரு கண்ணிக்குள்ளால் அடுத்த கண்ணியை இழுத்துவிட வேண்டும்; அவ்வளவுதான். என்னால் அவ்வளவில் விட முடியவில்லை. வலையில் கண்ணி என்றால் அதற்கு முடிச்சு உண்டு. ஒவ்வொன்றையும் இறுக்கி முடிந்தேன்.

"என்னகா செய்யிறாய்? இதில முடிச்சு இல்ல."

"முடியாட்டி அவிழ்ந்திடும்."

"அவிழட்டுமே. மீனா ஓடப்போகுது?"

நாலு விரல் நீளம் முடிந்ததும் கோபத்தில் உன் மடியில் எறிந்தேன். பிழை வந்தால் நூலை இழுத்து, எல்லாவற்றையும் அவிழ்த்து, மறுபடி தொடங்கலாம் என்பதை நீதான் கண்டுபிடித்தாய். என் துண்டு மட்டும் அவிழவில்லை. வெட்டி எறியச் சொன்னேன். "வெட்டமாட்டன். கிடக்கட்டும்" என்று அதன் நுனியிலிருந்தே உன் பின்னலைத் தொடர்ந்தாய். எத்தனையோ மாரி காலம் பின்னினாய். தங்கை பெற்ற உன் பெறாமகளுக்கென்றுதான் வைத்திருந்தாய், அதை நான் மறுக்கவில்லை.

கலியாண வீட்டில் தலையணையைப் புரட்டினேன். ஒரு மூலையில் என் நாலு விரல் நீளம் கரடுமுரடாகக் கிடந்தது.

"இந்த முடிச்சும் நீ போட்டதோ புள்ள?" என்று உன் தங்கையைக் கேட்டேன்.

அவள் கூசவில்லை. "செத்தவவுக்குப் பேர் என்னத்துக்கு அக்கா?" என்றாள்.

அங்கிருந்த பெண்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

நீ இருந்தால் "விடுகா" என்றிருப்பாய். உன்னுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். அதற்கும் நான் பணியப் போவதில்லை.

உன் தங்கை, அதே பெண்களைக் கூட்டி, இது என் அக்கா பின்னியது என்று சொல்ல வேண்டும். அவள் மகள் தலையணையை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் தனக்குப் பிறக்கும் பிள்ளையிடம் இதைப் பின்னியவளின் பெயரைச் சொல்ல வேண்டும். வாய் மூடி நின்ற பெண்கள், இனி யாராவது கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். உன் புருஷன், தங்கை வீட்டுக்குப் போன உன் ஊசியைக் கேட்டு வாங்க வேண்டும். இவை நடக்கும்வரை நான் அந்த வீட்டு வெற்றிலையைத் தொடக் கூடாது.