பதினேழாம் வீடு: ஞாயிறு மட்டும் சூடு

பெப்ரவரி 2, ஞாயிறு

காலையில் மைனஸ் ஆறு. நொய்கெல்ன் பக்கத் தமிழ்க்கடையில் முருங்கைக்காய், இடியப்ப மா, தேங்காய்ப்பால் ரின் இரண்டு. கறிவேப்பிலை மறந்துபோனேன், சனியன்.

வழக்கம்போல மூன்று மணிக்கு அப்பா வீடு. நல்ல சூடு, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன். அம்மா போய் ஒரு வருடம். அப்பாவுக்கு இருமல் விடவில்லை, முகமும் வற்றிவிட்டது.

"தனியச் சமாளிக்கிறீங்களாப்பா?"

"ஓம் பிள்ளை, எனக்கென்ன குறை? நீ சாப்பிடு."

பெப்ரவரி 3, திங்கள்

அலுவலகம். திருத்திக் கட்டிய கட்டடங்களுக்கு நாங்கள் கணித்த வெப்பச் செலவும் மீட்டர் காட்டுவதும் ஒட்டவே இல்லை. சுவர் சரி, ஜன்னல் சரி, மனிசர்தான் கணக்குக்குள் அடங்குகிறார்கள் இல்லை. பெயர்கள் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்.

வீடு 4: ஹீட்டரும் ஓடுகிறது, ஜன்னலும் திறந்திருக்கிறது. கடவுளே.
வீடு 9: குளியலறை மட்டும் அவியுது.
வீடு 17: கிழமை முழுக்கப் பதின்மூன்று பாகை. ஞாயிறு மட்டும் இருபத்திரண்டு.

பக்கத்து மேசைக் கார்த்திக், மதுரைக்காரர், எட்டிப் பார்த்தார். "வீக்கெண்ட் மட்டும் யாரோ வந்து தங்குறாங்க போல. டேட்டாவுல இருந்து தூக்கிடுங்க."

தூக்கினேன். 'ஆளில்லாத வீடு' என்று குறிப்பும் போட்டேன்.

பெப்ரவரி 4, செவ்வாய்

பல் டாக்டரிடம் Termin, நேரம் எடுத்து வைத்திருந்தேன். மறந்தே போனேன்.

மதியம், சும்மா, வீடு 17ஐத் திறந்து பார்த்தேன். ஜனவரியில் ஒரே ஒரு கிழமை ஞாயிறும் குளிர், சனி சூடு. அந்த ஞாயிறு எனக்கு ஒரு கலியாணவீடு. அப்பாவிடம் சனிக்கிழமைதான் போனேன்.

அவருடைய கட்டடமும் இந்த ஆய்வில் இருக்கிறது, சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியதே நான். ஒவ்வொரு ஞாயிறும் சூடு ஏறத் தொடங்குவது இரண்டு மணிக்கு. நான் போவது மூன்றுக்கு.

ஐயோ அப்பா. கழிப்பறைக்குள் போய் இருந்து அழுதேன். ஆளில்லாத வீடாம்.

பெப்ரவரி 5, புதன்

சொல்லாமல் போனேன். 4.10க்கு மணியடித்தேன். கதவைத் திறந்தவர் கோட்டும் தொப்பியும், அதற்கு மேல் அம்மாவின் சால்வை. என்னை "வா" என்று கூடச் சொல்லவில்லை, ஓடிப்போய் ஹீட்டரைத் திருகினார்.

"வாறனெண்டு சொல்லியிருந்தா போட்டு வைச்சிருப்பனே பிள்ளை."

"ஏனப்பா இப்பிடி?"

"கொம்மாவுக்குத்தான் குளிரும். அவ இல்லாத வீட்டைச் சூடாக்கி என்ன செய்யிறது?"

அம்மா இருக்கும்போது ஹீட்டர் திருகியை எப்போதும் ஐந்தில், ஆகக் கூடின சூட்டில், வைப்பா. "ஆளை அவிக்கப் போறாய்" என்று இவர்தான் சத்தம் போடுவார்.

"என்னோட வந்திருங்கோப்பா."

"ஏலாது."

கோபத்தில் கத்திவிட்டேன். பிறகு கட்டிப்பிடித்தேன், சால்வையில் இன்னும் அம்மாவின் மணம். ஹீட்டரை நிப்பாட்ட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்கு வெளிக்கிட்டேன்.

"ஓம், ஓம். நீ வழுக்காமல் பாத்துப் போ."

பெப்ரவரி 6, வியாழன்

மழை. கார்த்திக்குக்குப் பிறந்தநாள், கேக்.

'ஆளில்லாத வீடு' குறிப்பை அழித்தேன்.

வீடு 17, நேற்று: ஏறத் தொடங்கியது 4.12. இறங்கத் தொடங்கியது 7.02. நான் அப்போது படியில் இறங்கிக்கொண்டிருந்திருப்பேன்.