மழையில் முடிந்த ஐந்தாம் ரீல்

2025 பிப்ரவரி 3
ஆறு ஊருக்குள் வந்து எங்கள் தியேட்டர் பெஞ்சுகள் மிதந்தது தொண்ணூற்றிரண்டில். அம்பாசமுத்திரத்தில் அப்போது நான் படம் ஓட்டும் ஆப்பரேட்டர். எனக்கு எழுத்தோ எண்ணோ படிக்கத் தெரியாது. இதையும் போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. ரீல் பெட்டிகளில் மேனேஜர் சிவசைலம் அண்ணாச்சி வரிசை தெரிய எனக்காகச் சாக்பீஸ் கோடு போட்டு வைப்பார். எனக்குப் படிக்கத் தெரியாதது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 9
சென்னையிலிருந்து அனுராதா என்ற பெண் வந்தாள். சினிமா எடிட்டர். அவள் அப்பா அருணாசலமும் எடிட்டராம். அவர் வெட்டிய ஒரு படத்துக்கு ஒரே பிரதிதான் மிச்சம்.
"அந்தப் பிரதில கதை முன்னபின்ன ஆகியிருக்கு ஐயா. டைரக்டர் சாத்தான்குளத்துல இதைப் பாத்துட்டு, அப்பாதான் குழப்பிட்டார்னு ஊரெல்லாம் சொன்னார். அப்புறம் யாரும் அப்பாவைக் கூப்பிடலை. அதுக்கு முன்னாடி இது எந்தத் தியேட்டர்ல ஓடுச்சு?"
தெரியாது என்றேன்.

பிப்ரவரி 10
தெரியும். எங்கள் தியேட்டரில்தான்.
வெள்ளத்தில் பெட்டிக் கோடுகள் அழிந்துவிட்டன. அண்ணாச்சி ஊரில் இல்லை. ரீல்களை ஓடவிட்டு, காதால் கேட்டு வரிசை சேர்த்தேன். ஐந்தாம் ரீல் மழைச் சத்தத்தில் முடிந்தது. மழையில் தொடங்கும் ரீலைத் தேடிப் பின்னால் வைத்தேன். அது ஏழாம் ரீல். அதில் செத்த தாய், அடுத்து ஓடிய ஆறாம் ரீலில் சோறு போட்டாள்.
"ஏலே ஆப்பரேட்டரு, சுடுகாட்டுல இருந்தா வாரா?" — முன்பெஞ்சில் பூதத்தான். கொட்டகையே சிரித்தது.
பிழை வெளியே தெரியக் கூடாதென்று, ரீல் முனைகளில் எண் போட்ட தலைத்துண்டுகளை வெட்டி எறிந்தேன். அப்படியே சாத்தான்குளத்துக்கு அனுப்பினேன். சொன்னால் என் வேலை போயிருக்கும். போகவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா வேலை போயிருக்கிறது.

பிப்ரவரி 14
அனுராதாவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். அவள் சொன்னது:
"அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க."

மார்ச் 2
ஆழ்வார்குறிச்சியில் அவள் அப்பா வீடு. அருணாசலத்துக்குக் கண் மங்கிவிட்டது. மகள் ரீல்களை முறையாக அடுக்கிக் கம்ப்யூட்டரில் ஓட்டினாள். ஐந்தின் கடைசி மழை சட்டென நின்றது. ஆறாம் ரீல் தொடக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.
"இந்த அமைதிக்கு நாலு நாள் உக்காந்தேன் வே. நீரு அதுல இன்னொரு மழையப் பெய்ய விட்டுட்டீரு."
"தெரியாமச் செஞ்சிட்டேன் அண்ணாச்சி."
"சேத்தது தெரியாம. மறைச்சது?"
தெரிந்துதான் என்றேன்.
காபி கொடுக்கச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. ஏழாம் ரீலைப் போடச் சொன்னார்.

மார்ச் 3
ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 20
படத்தின் முடிவில் அனுராதா ஒரு வரி சேர்த்திருக்கிறாள். போனில் வாசித்தாள்: ரீல் மாறியது தியேட்டரில், எடிட்டர் பிழை அல்ல, சொன்னவர் ஆப்பரேட்டர் சுடலைக்கண்ணு.
பழி சொன்ன டைரக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். சிவசைலம் அண்ணாச்சி போய்விட்டார். சிரித்த பூதத்தான் போன ஆடியில் போனான். அந்த வரியைக் கேட்க வேண்டியவர்களில் மிச்சம் இருப்பது அருணாசலம்.